நடுவில் சொன்ன ஆமென்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். என் வீட்டில் ஒரு பெரிய சட்டி நிறையச் சுண்டல்.

கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, அவித்து, தேங்காய் துருவி, மாங்காய் சீவிப் போட்டிருந்தேன். ஃபிளாஸ்க்கில் டீ. ஹாலில் ஜமுக்காளம். அது போதாது என்று கீழ் வீட்டில் இரவல் வாங்கிய பாய். சாரல் நேரம் வேறு – வருகிறவர்கள் ஈரக் குடையை எங்கே வைப்பார்கள் என்று யோசித்து, குளியலறை வாளியைக் கழுவி வாசலில் வைத்தேன்.

ஒருவர்கூட வரவில்லை.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான் ரோஸ்லின். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது, விட்டுவிடுங்கள். தங்கை குடும்பம் பெங்களூரில். நான் தென்காசியில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக.

எங்கள் சபையில் பெண்களுக்கு வெள்ளிக்கிழமை தோறும் வீட்டு ஜெபம் உண்டு. இந்த வாரம் ஒரு வீடு, அடுத்த வாரம் இன்னொரு வீடு என்று சுற்றிச் சுற்றி வரும். இரண்டு பாட்டு, ஒரு வசனம், நீண்ட ஜெபம், அப்புறம் சுண்டலோ கேசரியோ. பிள்ளைகுட்டி உள்ளவர்களுக்கு இது இன்னொரு வேலை. எனக்கு அப்படியில்லை. என் ஹாலில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது எப்போதாவதுதான். அதனால்தான் வாளி வரைக்கும் யோசித்தேன்.

ஆறு மணிக்கு வர வேண்டியவர்கள். மழை என்று நினைத்துக் காத்திருந்தேன். மழை விட்டது. அப்போதும் யாரும் இல்லை. ஜெபக்கூட்டத்தை நடத்தும் கிரேஸ் அக்காவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. சரி, வாட்ஸ்அப் குரூப்பில் கேட்போம் என்று திறந்தேன்.

குரூப்பில் நான் இல்லை. நீக்கிவிட்டார்கள்.

அதற்கு முந்தின சில நாட்களாக குரூப்பிலிருந்து ஒரு மெசேஜும் வராததை நான் கவனிக்காமல் இல்லை. மழையில் டவர் போய்விட்டது என்று நினைத்தேன். போனை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ரீசார்ஜ் முடிந்துவிட்டதோ என்று கடைக்குக்கூடப் போய்க் கேட்டேன். கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'போன்ல ஒரு கோளாறும் இல்ல மேடம்' என்றார். கோளாறு வேறு இடத்தில் இருந்திருக்கிறது.

அப்படி நான் என்னதான் செய்தேன்?

ஜெபத்தின் நடுவில் ஆமென் சொல்லிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால் உள்ளூர்க்காரர்கள் அருவிப் பக்கம் போவது குறைவு. போனாலும் தலையை நனைத்தோமா, வந்தோமா என்று இருப்போம். வெளியூர்க்காரர்கள் அப்படியில்லை. போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்கள். குளிப்பது கொஞ்சம், எடுப்பது அதிகம். தண்ணீரை எடுத்தால் பரவாயில்லை... தண்ணீருக்கு அடியில் நிற்பவர்களையும் சேர்த்தே எடுக்கிறார்கள்.

அப்படி ஐந்தருவியில் யாரோ எடுத்த ஒரு வீடியோவில் எங்கள் சபைப் பெண் ஒருத்தி இருந்தாள். பாடகர் குழுவில் பாடுகிறவள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை. அவளைப் பியூலா என்று வைத்துக்கொள்வோம். அது அவள் பெயர் இல்லை.

வீடியோ எங்கெங்கோ சுற்றி, ஒரு மத்தியானம் எங்கள் பெண்கள் ஜெபக் குரூப்புக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியது கிரேஸ் அக்கா. கூடவே நாலு வரி: 'ஸ்தோத்திரம். நம் சபைப் பிள்ளை. மிகவும் பாரத்தோடு போடுகிறேன். ஜெபக்குறிப்பு. தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.'

வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று போட்டால் அது எவ்வளவு வேகமாகப் போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

அந்த வீடியோவில் என்ன இருந்தது?

எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. ஆகவே இதைப் படிக்கிற உங்களுக்கும் தெரியப்போவதில்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது.

என் போன் பழைய போன். இடம் கிடையாது. அதனால் வருகிற படம், வீடியோ எதுவும் தானாக இறங்காதபடி வைத்திருக்கிறேன். மங்கலாக ஒரு கட்டம் தெரியும், நடுவில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. தொட்டால்தான் இறங்கும். அன்றைக்கு வெளியே சாரல். வீட்டில் நான் மட்டும். கையில் அந்த மங்கல் கட்டம். ஏதோ பச்சை, ஏதோ வெள்ளை, நடுவில் இரண்டு நிழல் மாதிரி ஏதோ...

கை துறுதுறு என்றது. உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? தனியாக இருப்பவர்களுக்கு மற்றவர் வாழ்க்கைதான் பாதிப் பொழுதுபோக்கு. ஒரு தொடு. யாருக்குத் தெரியப்போகிறது? அதுவும் ஜெபம் பண்ணத்தானே என்று ஒரு நியாயம் வேறு கூடவே வந்து நின்றது.

என்னைத் தடுத்தது பெரிய பரிசுத்தம் ஒன்றும் இல்லை. தொழில் பழக்கம். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் போர்வையை விலக்குவதற்கு முன்னால் திரையை இழுத்துவிட வேண்டும். ஊசி போடத் தெரிவதற்கு முன்பே எங்களுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். விபத்து கேஸ் வந்தால் வார்டு வாசலில் கூட்டம் நிற்கும். 'நான் சொந்தக்காரன்' என்று ஒருவர் எட்டிப் பார்ப்பார். 'ஜெபம் பண்ண வந்தோம்' என்று இன்னொருவர் எட்டிப் பார்ப்பார். அவர் வெளியே நின்று ஜெபித்தாலும் ஆண்டவருக்குக் கேட்கும் என்று சொல்லித் திரையை இழுத்திருக்கிறேன். அந்தக் கை எப்படி அம்புக்குறியைத் தொடும்?

தொடவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. குரூப்பில் எழுதினேன்: 'ஜெபிப்பதற்குப் பெயர் போதாதா? வீடியோ எதற்கு? எடுத்துவிடுங்கள் அக்கா.'

பார்த்தவர்கள் பலர். பதில் போட்டவர் யாருமில்லை. கொஞ்ச நேரத்தில் கிரேஸ் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"என்னட்டி ரோஸ்லின், இப்படிப் போட்டுட்ட? நான் என்ன கெட்ட எண்ணத்துலயா போட்டேன்?"

"கெட்ட எண்ணம்னு சொல்லலக்கா. எடுத்துருங்கன்னுதான் சொல்லுதேன்."

"அந்தப் பிள்ள நெலமையப் பாத்தாத்தான பாரம் வரும்? பாக்காம எப்படி ஜெபிக்க?"

"பாத்துட்டீங்கல்லா. பாரம் வந்துட்டுல்லா. இனி எடுத்துரலாமே."

அப்புறம், "நீ பாத்தியா?" என்றார்.

"இல்ல."

"அப்ப ஒனக்குத் தெரியாது. தெரியாமப் பேசாத," என்று வைத்துவிட்டார்.

கிரேஸ் அக்காவைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். எனக்கு டைஃபாய்டு வந்து கிடந்தபோது வேளா வேளைக்குக் கஞ்சி கொண்டுவந்தவர் அவர்தான். அவர் வீட்டில் சினிமாப் பாட்டு கேட்காது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் டிவிக்கு மேல் துணி போட்டு மூடிவிடுவார். எங்கள் சபையில் பலரும் அப்படித்தான். லெந்தில் சீரியலை விடுவோம், கறியை விடுவோம், தலையில் பூவை விடுவோம். ஸ்டேட்டஸ் பார்ப்பதை மட்டும் விடமாட்டோம். தியேட்டருக்குப் போகாததால் நாம் ஒன்றுமே பார்ப்பதில்லை என்று ஒரு நினைப்பு. தியேட்டர்தான் இப்போது பையோடு கூடவே வருகிறதே.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபம் கிரேஸ் அக்கா வீட்டில். போவதா வேண்டாமா என்று யோசித்தேன். போகாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வேன்? போனேன்.

பாட்டு முடிந்தது. வசனம் முடிந்தது. எல்லோரும் முழங்காலில் நின்று கண்ணை மூடினோம். நாட்டுக்காக, மழைக்காக, ஐயருக்காக – எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம் – ஜெபித்தார்கள். அப்புறம் ஒரு அக்கா ஆரம்பித்தார். நல்ல குரல். அழுகை கலந்த குரல்.

"ஆண்டவரே, எங்க சபைப் பிள்ளைக்காக வாறோம். அந்த அருவிக் கரையில அவ நின்ன கோலத்த நீர் பாத்தீரே. அவ உடுத்தியிருந்தத நீர் பாத்தீரே அப்பா. பக்கத்துல நின்னவன் அவளோட –"

எனக்குப் புரிந்துவிட்டது. நான் தொடாத வீடியோ இப்போது ஜெபத்தில் ஓடப்போகிறது. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை எப்படி மூடுவது? ஆண்டவருக்குத் தெரியாத விஷயமா? யாருக்காக இந்த வர்ணனை? சுற்றிலும் 'ஆமப்பா, ஆமப்பா' என்று முனகல் வேறு. அந்த முனகலில் ஒரு ருசி இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த வார்த்தை வருவதற்குள் நான் உரக்கச் சொன்னேன்.

"ஆமென்."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. பழக்கம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள் – அறை முழுக்க அத்தனை பேரும் 'ஆமென்' என்று ஒரே குரலில் சொல்லி, கண்ணைத் திறந்து, முழங்காலிலிருந்து எழுந்துவிட்டார்கள். இருவர் கேசரித் தட்டை எடுக்கச் சமையலறைக்கே போய்விட்டார்கள். ஜெபித்துக்கொண்டிருந்த அக்கா மட்டும் இன்னும் முழங்காலில், பாதி வாக்கியத்தோடு நின்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"யாரு சொன்னது?" என்றார் கிரேஸ் அக்கா.

"நான்தான்க்கா."

"அவ இன்னும் முடிக்கலையே."

"முடிச்சாப் போதும்னு இருந்துச்சு."

கேசரி கிடைத்தது. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்து தின்ன ஆளில்லை. ஜெபத்தின் குறுக்கே விழுவது எங்களுக்குள் சின்னக் குற்றமில்லை. பேச்சை வெட்டினால் கோபம் வரும், தணியும். ஜெபத்தை வெட்டினால் அது நேராக மேலிடத்து விவகாரம்.

அடுத்த வெள்ளி என் வீடு என்று ஏற்கெனவே முறை வைத்திருந்தார்கள். அதை யாரும் மாற்றிச் சொல்லவில்லை. என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சுண்டல் சாயங்காலத்துக்கு வாருங்கள்.

நீக்கப்பட்டது தெரிந்ததும் போனை வைத்துவிட்டு ஜமுக்காளத்தின் நடுவில் உட்கார்ந்தேன். ஹால் அன்றைக்கு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. தினமும் அந்தக் குரூப்பில் வரும் ரோஜாப்பூ 'காலை வணக்கம்' படங்களை நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன். இந்தப் பத்தியிலேயே செய்திருக்கிறேன். அந்த ரோஜாப்பூ இப்போது வந்தால் தேவலை என்று தோன்றியது. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் விசேஷம், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் – எல்லாம் எனக்கு அதன் வழியாகத்தான் தெரியும். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு லேசாகவில்லை. அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன்.

அப்போது காலிங் பெல் அடித்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தால்... பியூலா. குடையை மடக்கி, வாசலில் இருந்த வாளியில் சரியாக வைத்துவிட்டு நின்றாள். பாடகர் குழுவில் பார்த்திருக்கிறேன், மருந்துக் கடையில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததில்லை.

"ஜெபத்துக்கு வந்தியாம்மா? இன்னைக்கு இங்கன இல்ல. மாத்திட்டாங்க," என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி. நான் ஜெபத்துக்கு வரல."

உள்ளே வந்து, அத்தனை பெரிய ஜமுக்காளத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். சுண்டல் கொடுத்தேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க நடுவுல ஆமென் சொன்னீங்களாமே. எங்கம்மாகிட்ட ஒரு அக்கா சொல்லிச் சிரிச்சாங்களாம்."

"சொன்னேன்."

"எதுக்கு ஆன்ட்டி சொன்னீங்க?"

"மேற்கொண்டு கேக்க இஷ்டமில்ல."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க அந்த வீடியோவப் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க ஆன்ட்டி. பாக்கலம்மா, கேள்விப்பட்டோம்னு சொல்லுதாங்க. சொல்லும்போதே அவங்க கண்ணுல தெரியுது. கடைக்கு வாறவங்க மாத்திரை வாங்குதாங்களோ இல்லையோ, என்னைய மேலயும் கீழயும் ஒரு தடவ பாத்துட்டுத்தான் போறாங்க."

பார்த்ததற்குச் சாட்சி சொல்லலாம். பார்க்காததற்கு என்ன சாட்சி?

அப்போதுதான் தோன்றியது. போனை எடுத்து, என்னை நீக்கிய குரூப்பைத் திறந்து, மேலே தள்ளித் தள்ளி அந்த இடத்துக்குப் போய், அவள் கையில் கொடுத்தேன். மங்கலான கட்டம். நடுவில் அம்புக்குறி. இறக்கப்படாமல் அப்படியே.

பியூலா அதை வெகுநேரம் பார்த்தாள். அவள் வாழ்க்கையைத் தலைகீழாகப் புரட்டிய விஷயம், என் போனில் ஒரு பச்சை மங்கலாக மட்டும் இருந்தது.

"நெசமாவே பாக்கல," என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. அதற்கப்புறம்தான் அழுதாள்.

நர்ஸ் வேலையில் அழுகிறவர்களை அழ விடத் தெரிய வேண்டும். விட்டேன். டீ ஊற்றி வைத்தேன்.

"சுரண்டைல எனக்கு ஒரு எடம் பேசி முடிச்சிருந்தாங்க ஆன்ட்டி. அது நின்னு போச்சு. போகட்டும். ஆனா பாடகர் குழுவுக்குப் போயி ரெண்டு வாரம் ஆச்சு. ஞாயித்துக்கெழம ஆராதனைல தனிப்பாட்டு என் முறை. பாட முடியாதுன்னா நாளைக்குச் சொல்லணும். அம்மா பேசாம புனலூர்ல சித்தி வீட்டுக்குப் போயிருன்னு சொல்லுதா. புளியறை செக்போஸ்ட்டத் தாண்டி கேரளாவுக்குப் போயிட்டா யாருக்கும் ஒன்னத் தெரியாதுன்னு சொல்லுதா. புளியறைல லாரியத்தான நிப்பாட்டுவாங்க. வீடியோவையா நிப்பாட்டுவாங்க?"

"நீ என்ன நெனைக்க?"

"எனக்குப் பாடணும். பாட்ட விட்டா எனக்கு என்ன இருக்கு? ஆனா எந்திரிச்சு நின்னா, எந்தப் பக்கம் பாத்தாலும் அதப் பாத்த மொகமாத்தான் இருக்கும்." கொஞ்சம் தயங்கினாள். "நடந்தது என்னன்னு ஒருத்தர்கூட என்கிட்ட கேக்கல ஆன்ட்டி. பாத்துட்டாங்கல்லா. அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

இதைக் கேட்டு எனக்குச் சுருக்கென்றது. நானும்தான் கேட்கவில்லை. பார்க்காமல் இருந்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேனே.

"சொல்லுதியா? நான் கேக்கேன்," என்றேன்.

சொன்னாள். முதலிலிருந்து கடைசி வரை, டீ ஆறி ஆடை படரும் வரை சொன்னாள். அது அவளுடையது. இங்கே எழுதமாட்டேன். இந்தப் பத்தியை எழுதலாமா என்று பிறகு கேட்டபோதும் அவள் அதைத்தான் சொன்னாள்: "நான் சொன்னத எழுதாதீங்க. ஆமென் சொன்னத வேணா எழுதுங்க."

கிளம்பும்போது வாசலில் நின்று குடையை எடுத்தவள், திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க ஞாயித்துக்கெழம மொத பெஞ்சுல உக்காருவீங்களா? நான் உங்களையே பாத்துப் பாடிருதேன்."

நான் கோயிலில் உட்காருவது கடைசியில், பக்கவாசல் ஓரம். ஆராதனை முடிந்ததும் யாரிடமும் சிக்காமல் நழுவுவதற்கு அதுதான் தோது. நமக்காக யாரும் காத்திருக்கவில்லை என்பது தெரிவதற்கு முன்னால் நாமே போய்விடலாம் அல்லவா? முதல் பெஞ்ச் என்பது கிரேஸ் அக்கா போன்றவர்களின் இடம். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. தங்கை எடுத்துக்கொடுத்து, கட்டாமலே வைத்திருந்த ஒரு புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு, முதல் மணி அடிக்கும் முன்பே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் கோயில் நிறைவது சத்தத்தில் தெரிந்தது. கிரேஸ் அக்கா வந்தார். என்னைப் பார்த்தார். நின்றார். பிறகு நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

தனிப்பாட்டு நேரம் வந்தது. பியூலா எழுந்து வந்து படிக்கட்டருகே நின்றாள். வெள்ளைப் புடவை. கையில் தாள் இல்லை. கோயிலில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. அவள் கண் ஒரு நிமிஷம் எங்கெங்கோ அலைந்தது. அப்புறம் அந்தக் கண் என்னிடம் வந்து நின்றது.

பாடினாள்.

முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாம் வரியில் நேரானது. கடைசி வரி வரை என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. நான் குனிந்தால் அவள் விழுந்துவிடுவாளோ என்று பயம்.

அவளுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். பாதிப் பாட்டில் வேறு ஒன்று உறைத்தது. ஒரு மனுஷி என்னை இவ்வளவு நேரம் முகத்துக்கு நேராகப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று? ஆஸ்பத்திரியில் இருந்தபோது நோயாளிகள் பார்ப்பார்கள். ரிட்டயர் ஆனபிறகு அதுவும் இல்லை. பால்காரர் கேனைப் பார்ப்பார், பேங்க்காரர் பாஸ்புக்கைப் பார்ப்பார். பாட்டு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது.

முடிந்தது. அவள் போய் உட்கார்ந்தாள். கிரேஸ் அக்கா முன்னால் பார்த்தபடியே, "நல்லாத்தான் பாடுதா," என்றார். ஆராதனை முடிந்து எழும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "அன்னைக்கு அந்தச் சுண்டல என்னட்டி பண்ணுன?" என்று கேட்டார்.

"கீழ் வீட்டுக்குக் குடுத்தேன்க்கா."

"ம்," என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போனார். குரூப்பில் என்னை இன்னும் சேர்க்கவில்லை. வீடியோவை எடுத்தார்களா என்றும் தெரியவில்லை. சேர்ப்பார்கள் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றுவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலங்கள் இன்னமும் நீளமாகத்தான் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் பார்த்தேன். புதுப் புடவையின் கடை ஸ்டிக்கர், விலையோடு, பளபளவென்று என் இடது தோளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருந்தால் கிளம்பும்போதே சொல்லியிருப்பார்கள். ஆராதனை முழுக்க அதோடுதான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். பியூலா இருந்தாள். புனலூருக்குப் போகவில்லை. தைலம் ஒன்று வாங்கிக்கொண்டு மெல்லக் கேட்டேன்.

"நேத்து என் புடவைல இருந்த ஸ்டிக்கரப் பாத்தியா?"

"மொத வரிலயே பாத்துட்டேன் ஆன்ட்டி."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"என்னத்துக்குச் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆளுக்கு மருந்து எடுக்கப் போய்விட்டாள்.

நான்தான் இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.